ஒரு சோறு பதம், கறிக்கு ஆகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மொட்டை மாடியில் கறி சுடுவதற்கு நான் எதிரி இல்லை. ருசி தெரிந்த நாக்கு எனக்கும் இருக்கிறது. என் சண்டை வேறு விஷயத்தில். கறி வெந்துவிட்டதா இல்லையா என்று முடிவு செய்கிற அதிகாரத்தை ஒவ்வொரு வீட்டிலும் நம் வயதுக்காரர் ஒருவர் கையில் எடுத்துக்கொள்கிறார். கண்ணால் ஒரு பார்வை, கத்தியால் ஒரு குத்து, கடிகாரத்தில் ஒரு நோட்டம். பிறகு "ஆச்சு, எடு" என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று வாதாடத்தான் இதை எழுதுகிறேன்.

காட்டுப்பாக்கத்தில் இருபது வருஷத்துக்கு முன் மொட்டை மாடி என்றால் வடாமும் வற்றலும் காய்கிற இடம். இன்று மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன, உள்ளே தெருவுக்குத் தெரு அடுக்குமாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கப் போனால் எங்காவது ஒரு மாடியிலிருந்து கரிப்புகை வருகிறது. அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளை வாங்கி வைத்த, மூடி போட்ட உருண்டை அடுப்பு. ஒரு ஓரமாகக் கரி, மறு ஓரத்தில் கறி, நடுவில் புகைய ஒரு துண்டு மாங்கட்டையோ கொய்யாக் கட்டையோ. மூடியை மூடிவிட்டால் உள்ளே 110 முதல் 130 டிகிரி சூட்டில், நேர்த்தீ படாமல், மணிக்கணக்கில் கறி புகையிலேயே வேகும். 'ஸ்மோக்' செய்வது என்கிறார்கள். பாண்டி பஜார் தந்தூரிக் கடையில் நாம் பார்த்த தீயில் வாட்டுகிற வேலை இல்லை இது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

"சார், நாங்க ஐம்பது வருஷமா கறி சமைக்கிறோம். தெர்மாமீட்டர் வெச்சா சமைச்சோம்?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த வட்டாரத்தில் குறைவு. கேள்வி நியாயமானதுதான். அதற்கு என் பதில்: ஆமாம் ஐயா, தெர்மாமீட்டர் வைத்துத்தான் சமைத்தீர்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குழம்புச் சட்டியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கிறது. கொதிக்கிற தண்ணீர் நம் ஊரில் 100 டிகிரி. கூடவும் போகாது, குறையவும் செய்யாது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்த அந்த நொடியிலேயே நீங்கள் வெப்பத்தை அளந்துவிட்டீர்கள். அதற்குள் ஒரு அங்குலத் துண்டுகளாக அரிந்த கறி, முக்கால் மணி நேரம், எல்லாப் பக்கமும் அதே 100 டிகிரியில் கிடக்கிறது. வேகாமல் எங்கே போகும்? பாட்டிக்குக் கைராசி இருந்தது உண்மை. அந்தக் கைராசிக்குப் பின்னால் கொதிநீர் என்கிற தப்பே செய்யாத ஒரு கருவியும் இருந்தது.

குக்கர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆவி அடைபட்டு உள்ளே 120 டிகிரி வரை போகிறது. நாம் என்ன செய்கிறோம்? விசில் எண்ணுகிறோம். கோழிக்கு மூணு, ஆட்டுக்கறிக்கு ஆறு, முற்றின ஆடாக இருந்தால் எட்டு. விசில் என்பது என்ன? அழுத்தம் ஒரு அளவைத் தொட்டுவிட்டது என்று கருவி போடும் சத்தம். தெர்மாமீட்டரை இளக்காரமாகப் பேசுகிற அதே அம்மா, விசில் கணக்கு தவறிவிட்டால் "எத்தனை ஆச்சு, மூணா நாலா?" என்று வீட்டையே கூட்டுகிறார். கருவியை நம்பியே வாழ்ந்துவிட்டு, கருவியே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதும் இந்தக் கொதிநீர்க் கணக்குதான். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே அளவு, ஒரே தண்ணீர், ஒரே சூடு. அதனால் ஒன்றை நசுக்கினால் எல்லாவற்றின் கதையும் தெரிந்துவிடும். புகையடுப்பில் முழுக்கோழியை வைத்தால் நெஞ்சுக்கறி ஒரு கனம், தொடை ஒரு கனம், இறக்கை ஒரு கனம். கரிப்பக்கம் திரும்பியிருக்கும் தொடை ஒரு சூட்டில், மறுபக்கத் தொடை வேறு சூட்டில். இறக்கையைப் பிய்த்து ருசி பார்த்துவிட்டு "வெந்தாச்சு" என்பவர், பழமொழியைத் தப்பான பானைக்குள் போடுகிறார்.

காற்று வேறு, தண்ணீர் வேறு. 120 டிகிரி சூடான அடுப்புக்குள் கையை ஒரு நொடி நீட்டி எடுத்துவிடலாம். 100 டிகிரி கொதிநீரில் விரல் நுனியைக்கூட வைக்க முடியாது. எண் பெரிதாக இருந்தாலும் காற்று சூட்டைக் கொண்டு சேர்ப்பதில் சோம்பேறி. இதில் மாடிக் காற்று அடித்தால் ஒரு கணக்கு, மார்கழிக் குளிரில் ஒரு கணக்கு, கரி நமுத்திருந்தால் ஒரு கணக்கு. ஆவலில் நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்தால் கணக்கே கிடையாது. மூடியில் ஒரு முள் இருக்கிறதே என்பீர்கள். அது மூடிக்குக் கீழே இருக்கிற காற்றின் சூட்டைச் சொல்லும். கறிக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? சமையல்காரன் இல்லை நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் 34 வருஷம் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்தவன். எஃகுத் துண்டுகளை ஃபர்னஸில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது என் பிழைப்பு. கவனியுங்கள், இரும்புக்கும் நாம் 'பதம்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

நான் சேர்ந்த காலத்தில் நிறம் பார்த்தே சூடு சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். மெருகு போட்ட எஃகைச் சூடேற்றினால் மேலே வைக்கோல் நிறம் படரும். அது சுமார் 220, 230 டிகிரி. நீலம் படர்ந்தால் 300-ஐ ஒட்டி. ஃபர்னஸுக்குள் செக்கச் சிவந்தால் 750-க்கு மேல். அவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் அதே சிவப்பு, காலை ஷிப்டில் ஒரு மாதிரியும் நடுராத்திரி ஷிப்டில் ஒரு மாதிரியும் கண்ணுக்குத் தெரியும். வெளியே வெயில் அடித்தால் மங்கலாகத் தோன்றும், இருட்டில் பளிச்சென்று எரியும். பைரோமீட்டர் மாட்டியபோது பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களே முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. திருப்பி அனுப்பப்படும் சரக்குதான் குறைந்தது.

மொட்டை மாடியில் ராத்திரி எட்டு மணிக்கு, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே ரோஸா இருக்கா, வெள்ளையா இருக்கா?" என்று கோழியைக் குடைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஷிப்டுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

சரி, ஒவ்வொரு பரீட்சையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நிறம். புகையில் வெந்த கறியில் மேல்தோலுக்கு உள்ளே ஒரு ரோஸ் வளையம் விழும். விறகுப் புகையில் இருக்கும் வாயுக்கள் கறியின் சிவப்புச் சத்தோடு சேர்ந்துகொண்டு, எவ்வளவு வெந்தாலும் அந்த நிறத்தைப் போகவிடாது. வெந்த கறியைப் பச்சை என்று சொல்லவைக்கும் நிறம் அது. அடுத்து, கடையில் நாம் வாங்கும் பிராய்லர் ஐந்தாறு வாரக் குஞ்சு. எலும்பு இன்னும் முற்றியிருக்காது. சூடு பட்டதும் உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து எலும்போரம் சிவப்பாகத் தெரியும், முழுக்க வெந்திருந்தாலும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தயிரும் பூசி ஊறவைத்த கறி, அரைமணி நேரத்திலேயே வெளியே அருமையாகச் சிவந்து கறுத்து, பத்திரிகை அட்டைக்குப் போகிற மாதிரி நிற்கும். உள்ளே 50 டிகிரிகூட வந்திருக்காது. கொத்துக்கறியில் செய்த கபாப் இன்னும் மோசம், பத்திரமான சூட்டைத் தொடுவதற்கு முன்பே அது உள்ளேயும் பழுப்பாகிவிடலாம். இரண்டு பக்கமும் பொய் சொல்லும் சாட்சியை எந்தக் கோர்ட் ஏற்கும்?

இரண்டாவது, குத்திப் பார்ப்பது. "ரத்தம் வரலை, தண்ணி தெளிவா வருது, வெந்துடுச்சு." ஐயா, கடையில் வாங்கிய கறியில் ரத்தம் ஏது? அது அறுத்த இடத்திலேயே வடிந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது கறிக்குள் இருக்கும் நீரும் அதில் கரைந்த நிறமும். அந்தச் சாறு எந்தச் சூட்டில் தெளியும் என்பது கோழிக்குக் கோழி மாறும். தவிர, ஒரு இடத்தில் குத்தினால் அந்த ஒரு இடத்தின் சேதிதான் கிடைக்கும். நாலு இடத்தில் குத்தினால் சாறெல்லாம் ஒழுகிக் கறி வறண்டுபோகும்.

மூன்றாவது, கடிகாரம். "வீடியோல மூணு மணி நேரம்னு சொன்னாங்க." எந்தக் கோழிக்கு மூன்று மணி நேரம்? ஒன்றேகால் கிலோவா, இரண்டரை கிலோவா? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைத்ததா, உள்ளே ஐஸ் விட்டிருந்ததா? தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று. அதுவும் ஃபர்னஸ் சூடு நிலையாக நிற்கும்போதுதான் பொருந்தும். மாடியில் காற்றுக்கு ஆடுகிற கரியடுப்புக்கு என்ன வாய்ப்பாடு? மணிக்கணக்கு என்பது சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு ஆட்களைக் கூப்பிடலாம் என்று தீர்மானிக்க உதவும். எப்போது எடுக்கலாம் என்பதை அது சொல்லாது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. "மஞ்சளும் உப்பும் தடவியிருக்கு, புகை வேற பிடிச்சிருக்கு, கிருமி எப்படி இருக்கும்?" இது நம் தலைமுறைக்கே உரிய நம்பிக்கை. பாட்டி போட்ட உப்புக்கண்டத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். உப்புக்கண்டம் கெடாமல் இருந்ததற்குக் காரணம், மெல்லிய துண்டாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து, தண்ணீரையே விரட்டிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. அப்புறமும் அதை அப்படியே தின்னவில்லை. பொரித்தோ குழம்பில் போட்டோதான் தின்றார்கள். ஒரு ராத்திரி மசாலாவில் ஊறிய முழுக்கோழிக்குள், எலும்போரத்தில், மஞ்சள் எப்படிப் போய்ச் சேரும்?

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் சங்க காலத்துக்கே போய்விடுவார்கள். சுட்ட கறி தமிழனுக்குப் புதிதா என்று. புதிதில்லை. கரிகாலன் கொடுத்த விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையிலேயே கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள் வருகின்றன. சூடு தாங்காமல் வாயில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மாற்றி ஒற்றித் தின்றதாகச் சொல்கிறது அந்தப் பாட்டு. அதைத்தான் நானும் சொல்கிறேன். துண்டு துண்டாக, நேர்த்தீயில், வாய் பொறுக்காத சூட்டோடு. இளஞ்சூட்டில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கும் முழுக்கோழிக்கு அந்தப் பொருநன் ஜாமீன் கொடுக்க மாட்டான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். வேகாத கறியால் யார் படுக்கிறார்கள் என்று பாருங்கள், புரியும். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். மூன்று வயதுப் பேத்திக்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற நமக்கும் அப்படிப் போகாது. உடம்பில் தண்ணீர் வற்றினால் நம் வயதில் சிறுநீரகம்தான் முதலில் தடுமாறும். போன தை மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு விருந்தில் முழுக்கோழியைப் புகையில் வைத்தார்கள். வீட்டுப் பெரியவர், எண்பதை நெருங்குபவர், மேலே கறுத்ததைப் பார்த்து "எடு" என்றார். தொடையைப் பிரித்தபோது எலும்போரம் கறி கொழகொழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. மறுபடி வையுங்கள் என்றேன். "சார் இன்னும் ஃபேக்டரி ஞாபகத்துலயே இருக்காரு" என்று சிரித்தார்கள். நான் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த வீட்டில் நாலு பேருக்கு வயிறு போயிற்று. அவருடைய மனைவிக்கு நாலு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். "முந்தாநாள் வாங்கின பன்னீர்தான் காரணம்" என்று இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கோழியில் வரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் நாம் பத்து வேளை வேறு என்னவெல்லாமோ சாப்பிட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமைக் கோழியின் பழி புதன்கிழமை தோசை மேல் விழும். "நான் எத்தனையோ தடவை இப்படித்தான் எடுத்திருக்கேன், யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்று பெரியவர்கள் நெஞ்சைத் தட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தப்பு நடந்தாலும் தகவல் அவர்களுக்கு வந்து சேர்வதில்லை.

வீட்டை விடுங்கள், கடையைப் பாருங்கள். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருத்தி இறந்துபோனாள். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டு முறையும் மாநிலம் முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. அந்தச் சாவுகளுக்கு இன்ன காரணம் என்று தீர்ப்பு எழுத நான் யாருமில்லை. ஆனால் ஷவர்மா அடுப்பின் அமைப்பைப் பாருங்கள். பெரிய கறிக்கூம்பு சுழல்கிறது, வெளித்தோல் வேகிறது, அதைச் சீவுகிறார்கள், கூட்டம் அதிகமானால் வேகாத அடுத்த அடுக்கையும் சேர்த்துச் சீவுகிறார்கள். வெளியே வெந்திருக்கிறது, ஆகவே உள்ளேயும் வெந்திருக்கும் என்ற அதே நினைப்பு. அந்தக் கடைக்காரர்களைத் திட்டுகிற வாயால், மாடியில் அதே நினைப்போடு "எடு" என்று சொல்லக்கூடாது.

எண் என்ன என்று கேளுங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே உணவகங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. அசைவம் என்றால் கறியின் மையத்தில் 75 டிகிரியில் 15 விநாடி. அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம். அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம். சூடு குறையக் குறைய நேரம் கூடவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். அமெரிக்க அரசு கோழிக்குச் சொல்வதும் 165 பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி. வீட்டில் மூன்று எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 75 என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கறிக்கும்.

இந்த எண் ஏதோ வெளிநாட்டு விவகாரம் போலத் தோன்றினால், காலையில் குடித்த காபியை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பாலைப் பாஸ்டுரைஸ் செய்வது என்பது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிரவைப்பது. அம்பத்தூர் ஆவின் பால் பண்ணையில் யாரும் விரலை விட்டுப் பார்த்து "ஆச்சு, எடு" என்று சொல்வதில்லை. கருவி பார்த்துச் சொல்கிறது, நாம் நம்பிக் குடிக்கிறோம், குழந்தைக்கும் கொடுக்கிறோம். பாலுக்கு வேண்டும் என்று தெரிந்த ஒழுங்கு கோழிக்கு மட்டும் ஏன் வேண்டாமல் போயிற்று?

எதிர்த் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரியாணி மாஸ்டரும் தந்தூரி மாஸ்டரும் கையால் தொட்டுத்தானே சொல்கிறார்கள்? உண்மை. அவர் ஒரு நாளைக்கு நூறு கோழி பார்க்கிறார், ஒரே அடுப்பு, ஒரே அளவுத் துண்டு, வருஷம் முழுக்க. அந்தக் கைக்குப் படிப்பு இருக்கிறது. நாம் வருஷத்துக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு கறி, வேறு கரி. பொங்கலுக்கு மட்டும் ஸ்கூட்டரை எடுக்கிறவர் தன்னைப் பஸ் டிரைவரோடு ஒப்பிடலாமா?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். வெந்தது என்பது ஒன்று, பதமாயிற்று என்பது இன்னொன்று. தெர்மாமீட்டர் முதலாவதைத்தான் தீர்மானமாகச் சொல்லும். கோழி நெஞ்சுக்கறி 75-ஐத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். 80-ஐத் தாண்டினால் பஞ்சு. தொடைக்கு 80, 85 வரை விட்டால்தான் ருசி. ஆட்டுத் தொடையை முழுசாக வைத்தால் 75-இல் கிருமி போய்விடும், ஆனால் செருப்புத் தோல் மாதிரி இழுக்கும். தசையைப் பிணைத்திருக்கும் நார்ச்சத்து, 70-க்கு மேல் நிதானமாக நேரம் கொடுத்தால்தான் கரைந்து பாயாவில் வருகிற பிசுபிசுப்பாக மாறும். 90, 95 வரை மெல்லப் போகவேண்டும். நாட்டுக்கோழியும் அப்படித்தான். அந்த இடத்தில் கையை நம்புங்கள். வெந்த பூசணியில் குச்சி இறங்குகிற மாதிரி தெர்மாமீட்டர் முனை தடையில்லாமல் இறங்கினால் பதம். பெரியவர்களின் கைக்கு வேலை இல்லாமல் போய்விடாது. கருவி அனுமதித்த பிறகு அந்தக் கை வரட்டும்.

பெரிய துண்டை வைத்தால் ஒரு சோதனை வரும், அதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். 65, 70 டிகிரி வரை விறுவிறுவென்று ஏறும் முள், திடீரென்று நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அசையாது. "தெர்மாமீட்டர் பழுது" என்று தூக்கிப் போட்டுவிட்டுக் கரியை அள்ளிக் கொட்டுவார்கள், வெளியே கருகிவிடும். பழுது ஒன்றும் இல்லை. கறியின் மேலே கசியும் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருப்பது எதனாலோ, அதனாலேயேதான் இதுவும். ஈரம் குறைந்ததும் தானாக ஏறும். அவசரமானால் வாழை இலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாளில் இறுக்கி வையுங்கள். ஆவி போக வழியில்லாமல் சூடு ஏறிவிடும்.

கடைசியாகச் செய்முறை. முனை கூராக, எண் காட்டுகிற குச்சித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 42-ஐத் தாண்டாது. வாங்கியதும் சோதியுங்கள். டம்ளர் நிறையப் பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு முனையை வைத்தால் 0 காட்டவேண்டும். கொதிநீரில் 100. நாம் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் இந்த 100 சரியாக இருக்கும். ஊட்டியில் மகள் வீட்டில் சோதித்துவிட்டு 93 காட்டுகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்.

குத்துகிற இடம் முக்கியம். இருப்பதிலேயே கனமான பகுதியில், நடு மையத்துக்கு முனை போகும்படி பக்கவாட்டில் செருகுங்கள். எலும்பில் படக்கூடாது, பட்டால் எண் தப்பாக வரும். கோழி என்றால் தொடை உடம்போடு சேரும் இடத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, இரண்டு பக்கமும். நாலு எண்ணில் எது குறைவோ அதுதான் கோழியின் எண். பச்சையாக இருந்தபோது செருகிய முனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மறுபடி செருகாதீர்கள். எடுத்தபின் பெரிய துண்டைப் பத்துப் பதினைந்து நிமிஷம் மூடி வையுங்கள். வெளிச்சூடு உள்ளே இறங்கி இன்னும் சில டிகிரி ஏறும், சாறும் அடங்கும். வெந்த கறியைப் பச்சைக்கறி வைத்த தட்டிலேயே திருப்பி வைக்கிற பழக்கத்துக்கு மட்டும் எந்தத் தெர்மாமீட்டரும் மருந்தில்லை.

நம் வயதில் வீட்டில் நமக்கு மிஞ்சியிருக்கும் அதிகாரங்கள் கொஞ்சம்தான். ரிமோட் பேரன் கையில், பண விஷயம் மகனின் செல்போனில். கறி வெந்ததா என்று சொல்லும் அதிகாரமாவது இருக்கட்டும் என்று நினைப்பது புரிகிறது. இருக்கட்டும், நானும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்தத் தெர்மாமீட்டரை நீங்களே வாங்குங்கள், உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே செருகி நீங்களே படியுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். 75-க்குக் கீழே இருந்தால், பசியோடு தட்டேந்தி நிற்கும் கூட்டம் என்ன முணுமுணுத்தாலும், மூடியை மறுபடி மூடுங்கள்.